ஜப்பான்காரர்களின் அறிக்கையில் என் பெயர்

1

முகாம் வாசலைத் தாண்டி முக்கால் மணி நேரம் நடந்த பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்தேன். தகரப் பெட்டி. பூட்டு உடைந்து இரண்டு வருடமாகிறது. அதனால் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த முடிச்சு நான் போட்டதல்ல. என் முடிச்சை அவிழ்த்துவிட்டு நகானோ போட்டது. அவர் யார், வேலையை விட்டுப் போகிறவனின் பெட்டியை அவர் ஏன் கட்ட வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய சாலைக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. அங்கே போய் நின்றால் அபுதாபிக்குத் திரும்பும் தண்ணீர் லாரி ஏதாவது ஏற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. சித்திரை வெயில். திரும்பிப் பார்த்தால் முகாமின் கம்பத்தில் கட்டியிருந்த துணி மீன் காற்றில் வாயைத் திறந்துகொண்டு நீந்துவது தெரிந்தது. ஆண் பிள்ளை பெற்ற ஜப்பான்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை அப்படி மீன் பறக்கவிடுவார்கள். அந்த மீனும் நகானோவுடையதுதான். அவர் மகனுக்குப் பதினெட்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு எங்கோ கிதார் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

வேலை போய்விட்டது என்று எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து இது என் பதினோராவது வேலை. விசாகப்பட்டினத்திலும் பம்பாயிலும் துறைமுகத்தில் கலாசியாக இருந்திருக்கிறேன். பாரம் தூக்குவதற்குக் கயிறு கட்டுவது என் தொழில். இந்தப் பக்கம் அதற்கு ரிக்கர் என்று பெயர். பம்பாயிலிருந்து லாஞ்சில் வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிடப்பட்டு, ஈரச் சட்டையோடு இந்தக் கரையில் ஏறியவன். நடப்பது புதிதல்ல.

2

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஜப்பான்காரனிடம் வேலை செய்கிறாயாமே, அவன் எப்படி?" கேட்கிறவர்களுக்கு ஜப்பான் என்றால் டிரான்சிஸ்டர், நைலக்ஸ் புடவை. என் மனைவியும் பழுப்பில் பூப்போட்டது ஒன்று வேண்டுமென்று எழுதியிருந்தாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் பெரியப்பாவை, யுத்தக் காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் போடக் கூட்டிப் போனார்கள். போனவர் போனவர்தான். பெரியம்மா கடைசி வரை பூவும் பொட்டும் எடுக்கவில்லை. செய்தி வரவில்லையே, எந்த நாளில் எடுப்பது என்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் ஜப்பான் கம்பெனியில் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பொறுப்பேற்ற அராபிக்காரர், அதாவது என் கபீல், அவருக்கு ஆள் அனுப்புவதுதான் தொழில். லாரியில் ஏறு என்றார்கள். ஏறினேன். இறங்கிய இடத்தில் ஜப்பான்காரர்கள் இருந்தார்கள்.

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரர்கள் நாற்பது பேர். நாங்கள் முந்நூறுக்கு மேல்.

3

முதல் நாள் காலையில் ஒலிபெருக்கியில் பியானோ கேட்டது. டைரக்டரிலிருந்து சமையல்காரர் வரை அத்தனை ஜப்பான்காரர்களும் வரிசையாக நின்று கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, குதித்தார்கள். நாங்களும் குதிக்க வேண்டும் என்றார்கள். என் பக்கத்தில் நின்றவன் புதுக்கோட்டைக்காரன் செல்லையா.

"என்னண்ணே, வேலைக்குக் கூப்டாங்களா, டான்ஸுக்குக் கூப்டாங்களா?"

"சம்பளம் குடுக்குறான். குதி."

"வேட்டியோட குதிக்கச் சொன்னா அடுத்த கப்பல்ல நான் ஊருக்கு."

ஒரு மாதத்தில் செல்லையாதான் முதல் வரிசையில் நின்று குதித்தான். முதுகு வலி போய்விட்டது என்றான்.

அவர்கள் வீட்டைக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். அரிசி, கடல்பாசி, ஒரு மாதிரி நாற்றமடிக்கும் பருப்புக் கூழ் எல்லாம் கப்பலில் வந்தன. பழைய எண்ணெய்த் தொட்டியை அறுத்து, அடியில் நெருப்பு மூட்டி, கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்தார்கள். வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதைப் பார்த்ததும்தான் இவர்களும் மனிதர்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் விட விசித்திரம் ஒன்று உண்டு. எதைச் சரிபார்த்தாலும் அவர்கள் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கையை முழுதாக நீட்டி, விரலால் அந்தப் பொருளைக் காட்டி, உரத்த குரலில் "யோஷி" என்பார்கள். சரி என்று அர்த்தம். ஆளில்லாத இடத்தில் தனியாக நின்றாலும் செய்வார்கள். வால்வைக் காட்டி யோஷி. ஏணியைக் காட்டி யோஷி. எங்கள் போர்மேன் நகானோ, நாங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்றார். பாரம் தூக்கும் கம்பிக் கயிறுகளை, அதாவது ஸ்லிங்குகளை, தினமும் காலையில் பார்த்து யோஷி சொல்வது என் வேலை ஆனது.

முதல் வாரம் சிரிப்பு வந்தது. இரண்டாவது மாதத்தில் வாய் தானாகச் சொன்னது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

4

நகானோவுக்கு நாற்பத்தேழு வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குள்ளம். கையில் இரண்டு விரல் பாதிதான். "முத்து-சான்" என்று என்னைக் கூப்பிடுவார். சான் என்பது மரியாதை. என் முழுப் பெயர் முத்தையா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் வாயில் அது நிற்கவில்லை.

இஷிதா இருபத்தாறு வயது இன்ஜினியர். சட்டைக் காலரைத் தொடும் முடி. காலைப் பயிற்சியில் கடைசி வரிசையில் நின்று கையைப் பாதிதான் தூக்குவான். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகும்போது, ஆங்கிலத்திலும் முகாமில் கற்றுக்கொண்ட இந்தியிலுமாகப் பேசுவான்.

"நகானோ பழைய ஜப்பான், முத்து. என் அப்பாவும் அப்படித்தான். கம்பெனி, கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியாது. இப்போது டோக்கியோவில் எவனும் இப்படி இல்லை. நான் இன்னும் ஒரு வருடம்தான். அப்புறம் ஐரோப்பா, பை போட்டுக்கொண்டு நடந்தே."

"நடந்தா கால் வலிக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த விஷயம் அது.

அவன் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய ஜப்பான் என்று அவன் சொன்ன நகானோ காலையில் ரொட்டியும் காபியும் சாப்பிடுவார். எங்கள் சமையலறைக்கு வந்து மீன் குழம்பை மூக்கு ஒழுக ஒழுகத் தின்பார். புது ஜப்பான் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட இஷிதாவோ சோறும் அந்தப் பருப்புக் கூழும் இல்லாவிட்டால் அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். கப்பல் தாமதமான ஒரு வாரம் ஆள் பாதியாகிவிட்டான். இன்னொன்றும் பார்த்தேன். ஜீப் சாலை முக்கில் திரும்பும்போது ஸ்டியரிங்கிலிருந்து அவன் விரல் ஒன்று எழுந்து வெறும் சாலையைக் காட்டும். வாய் அசையாது. விரல் மட்டும். அவனுக்கே தெரியாமல் நடந்தது அது. ஒரு நாடு மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் அதனால்தான் நான் முதலில் விரலைப் பார்க்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நகானோவிடம் சயாம் ரயிலைப் பற்றிக் கேட்டேன். என் பெரியப்பாவைப் பற்றியும் சொன்னேன். யுத்தம் முடியும்போது தனக்குப் பதினாறு வயது என்றார். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக மண் தோண்டினார்களாம், சர்க்கரைவள்ளிக் கொடியை வேகவைத்துத் தின்றார்களாம். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அதை வாங்கி எங்கே வைப்பதென்று எனக்குத் தெரிந்திருக்காது. மறுநாளிலிருந்து மீன் குழம்புக்கு வரும்போது அவரே ஒரு டின் பழம் கொண்டுவந்தார். அவ்வளவுதான்.

5

குழாய் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

முந்தின நாள் மகனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. மதுரையில் விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிறேன். எப்போதும் "அன்புள்ள அப்பாவுக்கு" என்று ஆரம்பிப்பவன் இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பாதிதான் புரிந்தது. மீதியை இஷிதாவிடம் காட்டிக் கேட்கவும் கூச்சம். காலையில் ஸ்லிங்குகளின் முன்னால் நின்றபோது அந்தப் பாதிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கை நீண்டது. வாய் யோஷி என்றது. கண் பார்க்கவில்லை.

மூன்றாவது ஸ்லிங்கில் இழைகள் அறுந்து முள்ளாக நின்றிருக்க வேண்டும். கையுறையை ஒரு தடவை ஓடவிட்டிருந்தால் குத்தியிருக்கும். பம்பாயில் யோஷி எல்லாம் கிடையாது, ஆனால் கையால் தடவாமல் ஒரு கயிற்றைக்கூட நான் மாட்டியதில்லை. இங்கே சத்தம் போட்டுச் சொல்கிறோமே, அதுவே பார்த்ததற்குச் சமம் என்று உடம்பு நினைத்துவிட்டது.

பதினோரு மணிக்குக் கிரேன் பெரிய குழாயைத் தூக்கியது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போனதும் துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம், கயிறு அறுந்தது. குழாய் ஒரு பக்கமாக இறங்கி, தரையில் மோதி, வாய் நசுங்கியது. அடியில் யாரும் இல்லை. பாரம் எழும்போது எல்லோரையும் இருபது அடி தள்ளி நிறுத்துவது நகானோவின் வழக்கம். ஜப்பானில் செய்து கப்பலில் வந்த குழாய் அது. அடுத்தது வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை அந்தப் பகுதியில் வேலை நிற்கும்.

மறுநாள் காலை குதித்து முடித்ததும் நகானோ முன்னால் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முந்நூறு பேருக்கு முன்னால், பட்டாணியர், மலையாளிகள், நாங்கள் எல்லோருக்கும் முன்னால், இடுப்பை மடித்துக் குனிந்தார். அவர் நிமிரும் வரை எண்ணிப் பார்த்தேன், பத்துக்கு மேல் போனது.

"மை மிஸ்டேக்" என்றார். "என் சோதனை போதவில்லை."

செல்லையா என் முழங்கையைப் பிடித்தான். "வாயத் தொறக்காதீங்கண்ணே. அவரே ஏத்துக்கிட்டாருல்ல."

"பாத்தது நான்டா."

"பாக்கலைன்னு சொல்லுங்க. அதான் கயிறு அந்து போச்சு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அன்று பகல் நன்றாகச் சாப்பிட்டேன்.

6

நிம்மதி மூன்று நாள் நீடித்தது. சனிக்கிழமை இஷிதா அறிக்கை எழுதிக்கொண்டிருந்த அறைக்கு டீ கொண்டுபோனேன். மேசையில் தாள் கிடந்தது. ஜப்பானிய எழுத்து, கீழே ஆங்கிலம். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஒரு கட்டத்தில் நகானோவின் பெயர். அடுத்த கட்டத்தில் "கிரேன் ஒன்று. இந்தியர் நான்கு."

"இதுல என் பேரு எங்க?" என்றேன்.

"உனக்கெதற்கு? நல்லதுதானே" என்றான் இஷிதா. "பெயர் வந்தால் வேலை போகும். நகானோவைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். அங்கே கிடங்கில் ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள். ஓய்வு பெறும் வரை. அவருக்குத் தெரியும். இருந்தாலும் குனிகிறார். பார்த்தாயா, இதைத்தான் சொன்னேன்."

அன்று முழுவதும் அந்த நான்கு என்ற எண் என்னை விடவில்லை. என் பெரியப்பாவும் ஏதோ ஒரு தாளில் ஓர் எண்ணாகத்தான் இருந்திருப்பார். அதனால்தான் பெரியம்மாவுக்குச் செய்தி வரவில்லை. அந்த ஜப்பான்காரர்களும் இந்த ஜப்பான்காரர்களும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இவர் எனக்காகக் குனிந்தவர். ஆனாலும் எட்டு மாதமாக "நம்ம டீம், ஒரே டீம்" என்று சொல்லிக் குதிக்கவைத்துவிட்டு, தப்பு என்று வந்ததும் அதில் எனக்குப் பங்கில்லை என்றால், நான் அந்த டீமில் எப்போது இருந்தேன்?

நகானோவின் அறைக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டேன்.

"நகானோ-சான், ஸ்லிங் பார்த்தது நான். யோஷி சொன்னேன். கண் பார்க்கவில்லை. வாய் மட்டும்."

"தெரியும்" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. "தெரிந்துமா?"

"நான் போர்மேன். நீ லேபர். லேபருக்கு மிஸ்டேக் இல்லை. போர்மேனுக்குத்தான் மிஸ்டேக்."

"என் பெயரை எழுதுங்கள்."

"நோ."

"இருபது வருடமாகக் கயிறு கட்டுகிறேன். என் கயிறு நன்றாக இருந்தபோது, முத்து-சான் கயிறு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அறுந்ததும் என் கயிறுதான்."

அவர் எழுந்து நின்றார். அதுவரை அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜப்பானிய மொழியில் ஏதோ கத்தினார். வெளியே போ என்றுதான் இருக்க வேண்டும். போனேன். நேராக இஷிதாவிடம் போய் மேசையில் விரலை ஊன்றி, "நான்கு என்பதை அடி. முத்தையா, ரிக்கர் என்று எழுது" என்றேன். இஷிதா என்னைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். கடைசியில் எழுதினான். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.

பெரிய அலுவலகத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. பெயர் தெரிந்த குற்றவாளி கிடைத்துவிட்டதால் நகானோவுக்கு எச்சரிக்கையோடு முடிந்தது. முத்தையா என்ற ரிக்கர் வேண்டாம். அவர் தப்பித்தது எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் குழம்புக்கும் வரவில்லை. அவர் தூக்க வேண்டிய பாரத்தை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அவர் கணக்கு. என் பாரத்தை அவர் பிடுங்கப் பார்த்தார் என்பது என் கணக்கு. இரண்டும் சரிதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

7

பாஸ்போர்ட் வாங்க அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் ரகுநாதன் மெட்ராஸ்காரர், அபுதாபியில் குடும்பத்தோடு இருப்பவர். போனில் மகளோடு ஆங்கிலத்தில் பேசி முடித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"விலகும் காரணம்னு ஒரு கட்டம் இருக்குய்யா. என்ன போடறது? உடம்பு சரியில்லை, சொந்தக் காரணம், ஒப்பந்தம் முடிஞ்சுது. மூணுல ஒண்ணு சொல்லு."

"தப்புப் பண்ணேன் சார்."

"அதுக்குக் கட்டமே இல்லையேய்யா."

"அப்ப வெறுமனே விட்ருங்க."

"வெறுமனே விட்டா அராபிக்காரன் முத்திரை குத்த மாட்டான். சொந்தக் காரணம்னு போட்டுடறேன். தப்பு உன்னோட சொந்தத் தப்புதானே?"

அது சரியென்று பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

வாசலில் நகானோ நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் பெட்டியைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, என் முடிச்சை அவிழ்த்து, பாதி விரல்களால் கயிற்றை இழை இழையாகத் தடவிப் பார்த்து, திருப்பிக் கட்டினார். பிறகு எழுந்து கையை நீட்டினார். யோஷி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டு நானும் குனிந்து கயிற்றைத் தடவினேன். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

"சயோனாரா, முத்தையா-சான்" என்றார். பெயரின் கடைசியில் வரும் ஐயா அவர் வாயில் சற்று நொண்டியது. ஆனால் வந்துவிட்டது.

8

தண்ணீர் லாரி ஏற்றிக்கொண்டது. அபுதாபியில் கபீலின் மேனேஜர் தாளைப் பார்த்து, "கலாஸ், ஜப்பான் முடிந்தது. நாளை அல் ஐன்" என்றார். விடியற்காலை வண்டியில் அல் ஐன் போய்ச் சேர்ந்தேன். பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. கிரேன் ஒன்று, இரும்புத் தூண்கள், என்னைப் போல ஆறு பேர். போர்மேன் ஒரு பட்டாணியர். கையில் பென்சில், காதில் பீடி.

"ரிக்கரா? மாட்டு. ஜல்தி, ஜல்தி" என்றார் இந்தியில்.

ஸ்லிங்கின் முன்னால் போய் நின்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டு வந்தேன். முக்கால் தூரத்தில் குத்தியது. கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டினேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன பாய், கயிற்றுக்கு ஜோசியம் பார்க்கிறாயா?" என்றார் பட்டாணியர்.

"இது மாஃபி, உதவாது. வேறு கொண்டுவரச் சொல்லுங்கள்."

"நேற்று வரை தூக்கிய கயிறு. வேலை நின்றால் மேனேஜர் என்னைக் கேட்பார். யார் நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். உன் பெயர் என்ன?" நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டார்.

"முத்தையா" என்றேன். அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வேறு ஸ்லிங் வந்தது. தடவிப் பார்த்து மாட்டினேன். முதல் தூண் மேலே போனது.